எலிக்கு வந்தது நமக்கும் வருமா? ஈரல் கலங்களைக் கேட்டுப் பார்க்கும் பரிசோதனை



போன மாதம் பிள்ளைக் காம்பராவில் தாய்மார் கூட்டம் ஒன்று நடந்தது. சத்துணவு, தடுப்பூசி எல்லாம் பேசி முடிந்து எல்லாரும் எழும்புகிற நேரம். நாலு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஐயா, எங்க வூட்டுக்காரரு மலைக்கு மருந்தடிக்கப் போறாரு. ஏதோ ஒரு மருந்த எலிக்குக் குடுத்துப் பாத்ததுல, எலியோட கழுத்துல கட்டி வந்திருச்சாம். தம்பி போன்ல படிச்சிக் காட்டுனான். எலிக்கு வந்தா எங்களுக்கும் வருமா? வயித்துல இருக்கிற புள்ளைக்கு என்னா ஆகும்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ஒன்றும் வராது, போம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். "கட்டாயம் வரும்" என்று பயமுறுத்தியும் இருக்கலாம். இரண்டுமே சரியில்லை. படித்தும் தெரிந்தவர்களிடம் கேட்டும் பார்த்தபோதுதான் தெரிந்தது, விஞ்ஞானிகளும் இதே கேள்வியோடு பல வருடமாக மினக்கெடுகிறார்கள் என்று. அதற்காகவே மனித ஈரலில் இருந்து எடுத்த கலங்களை ஒரு தட்டிலே உயிரோடு வைத்து, மருந்தை அதன்மேல் விட்டுப் பார்க்கிறார்கள். கழுத்துக் கட்டிக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

கழுத்தில் இருக்கும் சுரப்பி

நமது கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் தைரொயிட். நாம் சாப்பிடும் உப்பிலும் மீனிலும் உள்ள அயடீனை எடுத்து, அது ஓமோன் தயாரிக்கிறது. முக்கியமான ஓமோன் தைரொக்சின். அதில் 4 அயடீன் அணுக்கள் இருக்கும். உடம்பு அதில் ஒன்றைக் கழற்றி, 3 அயடீன் உள்ள இன்னொரு ஓமோனாக மாற்றி வேலைக்கு எடுத்துக்கொள்கிறது.

இந்த ஓமோன் குறைந்தால் ஆளுக்குச் சோர்வு வரும், குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், தோல் வறண்டு போகும். பெரியவர்களுக்கு மருந்து கொடுத்துச் சரிப்படுத்தலாம். ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கதை வேறு. முதல் மூன்று மாதமளவும் பிள்ளைக்கு இந்த ஓமோனைத் தயாரிக்கத் தெரியாது. தாயின் இரத்தத்தில் இருந்து வருவதைக் கொண்டுதான் அதன் மூளை வளர்கிறது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் தாயின் உதவி தேவைப்படும். அந்த நேரத்தில் பெரிய குறைவு ஏற்பட்டால், மூளையில் விழும் குறையைப் பிறகு நிரப்புவது கஷ்டம். ஆகவே அந்தத் தங்கச்சியின் கேள்வி லேசான கேள்வி அல்ல.

கங்காணி சத்தம் போடும் கணக்கு

தைரொயிட் சுரப்பி தன் பாட்டுக்கு வேலை செய்வதில்லை. மூளைக்கு அடியில் கபச்சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அதைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் எவ்வளவு தைரொக்சின் இருக்கிறது என்று அது எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். கொழுந்து குறைந்தால் கங்காணி சத்தம் போடுவார் இல்லையா? அதே மாதிரி தைரொக்சின் குறைந்தவுடன், "இன்னும் எடு, இன்னும் எடு" என்று தைரொயிட்டைத் தூண்டும் ஒரு ஓமோனை அது அனுப்பும்.

இந்தத் தூண்டுதல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓயாமல் இருந்தால், தைரொயிட்டின் கலங்கள் பெருகிச் சுரப்பி வீங்கும். அயடீன் இல்லாத இடங்களில் வரும் கழுத்துக் கழலை இப்படி வருவதுதான். கண்டமாலை என்றும் சொல்வார்கள். எமது நாட்டில் இதைத் தடுக்கத்தான் 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

ஈரல் இதில் எங்கே வருகிறது?

ஒரு தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைய இரண்டு காரணம் இருக்கலாம். வருகிற பைப் அடைத்திருக்கலாம். அல்லது கீழே திறந்துவிட்ட பைப்பால் அதிகமாக ஓடிப்போகலாம். தைரொயிட் என்பது தண்ணீர் வரும் பைப். ஈரல் என்பது வெளியே போகும் பைப்.

வேலை முடிந்த ஓமோனை உடம்பு அப்படியே வைத்துக்கொள்ளாது. ஈரல் கலத்துக்குள் இருக்கும் நொதியங்கள், தைரொக்சினோடு சர்க்கரை வகையைச் சேர்ந்த ஒரு பொருளை ஒட்டிவிடும். ஒட்டியபின் அது பித்தத்தோடு கலந்து குடலுக்குப் போய்விடும். இது ஒவ்வொரு நாளும் அளவாக நடக்கும் வேலை.

ஆனால் சில இரசாயனங்கள் உடம்புக்குள் வந்தால் ஈரல் உஷாராகிவிடும். "வெளியாள் வந்திருக்கிறான், துரத்து" என்று நொதியங்களைக் கூடுதலாகத் தயாரிக்கும். இரசாயனத்தைத் துரத்துவதற்காகத் தயாரித்த நொதியம், பக்கத்தில் இருக்கும் தைரொக்சினையும் சேர்த்து வெளியே தள்ளும். தாங்கி இறங்கும். கங்காணி சத்தம் போடுவார். சுரப்பி வீங்கும். எலியின் கழுத்தில் வந்த கட்டிகளில் பல, மருந்து நேரே கழுத்துக்குப் போய் வந்தவை அல்ல. ஈரல் வழியாகச் சுற்றி வந்தவை.

இதற்குப் பழைய உதாரணம், வலிப்புக்குக் கொடுக்கும் பினோபாபிட்டோன். 1912 இல் இருந்து பாவிக்கும் மருந்து அது. எலிக்கு நீண்ட காலம் கொடுத்தால் ஈரல் பெருக்கும், தைரொக்சின் இறங்கும், தைரொயிட்டில் கட்டி வர வழி உண்டாகும். ஆனால் வருடக்கணக்காக அதைக் குடித்த மனிதருக்கு அதனால் தைரொயிட்டில் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. (வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொன்னபடியே குடியுங்கள்.)

எலியும் மனிதரும் ஏன் வேறுபடுகிறார்கள்?

மனித இரத்தத்தில் தைரொக்சினை இறுகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதம் உண்டு. எமது தைரொக்சினில் பெரும்பகுதி அதன் பிடியில்தான் இருக்கிறது. ஆகவே ஈரல் கொஞ்சம் வேகமாக வெளியேற்றினாலும் நம்மிடம் கையிருப்பு இருக்கும். வளர்ந்த எலிக்கு அந்தப் புரதம் இருக்கிறது என்று சொல்லும்படியாக இல்லை. மனித உடம்பில் தைரொக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு கிழமை செல்லும். எலிக்கு ஒரு நாளுக்குள் பாதி போய்விடும். மாதக் கடைசி வரை அரிசி இருக்கிற வீடும், அன்றாடம் கடைக்கு ஓடுகிற வீடும் மாதிரி. ஒரு நாள் கடை பூட்டினால் யாருக்குக் கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

இதை வைத்து "எலிக்குத்தானே வந்தது, மனிதருக்கு ஒன்றுமில்லை" என்று எல்லா மருந்துக்கும் ஒரே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. காச நோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் என்ற மருந்தைப் பாருங்கள். மனித ஈரலை உஷார்ப்படுத்துவதில் அது கெட்டிக்காரன். எலியின் ஈரலில் அவ்வளவு வேலை செய்யாது. தைரொயிட் குறைபாட்டுக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் காச நோய்க்கும் இதை எடுக்க வந்தால், தைரொயிட் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம் என்று டாக்டர்மாருக்குத் தெரியும். ஆகவே எலி சில நேரம் கூடச் சொல்லும், சில நேரம் குறைத்துச் சொல்லும். மனிதருக்கு என்ன என்று அறிய, மனித ஈரலையே கேட்க வேண்டும். உயிரோடு இருக்கும் ஆளுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது பாவம். அதனால்தான் தட்டில் வைத்த கலங்கள்.

கலத்தை எப்படி எடுத்து வளர்க்கிறார்கள்?

இறந்தபின் தானமாகக் கொடுத்த ஈரல்களில் சிலதை இன்னொருவருக்குப் பொருத்த முடியாமல் போகும். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுத்த ஈரலிலும் நல்ல துண்டு மிஞ்சும். உரிய அனுமதியோடு அவற்றை எடுக்கிறார்கள். இளஞ்சூடான ஒரு திரவத்தை ஈரலின் இரத்தக் குழாய்களுக்குள் ஓடவிடுவார்கள். அதில் கலங்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் நாரைக் கரைக்கும் ஒரு நொதியம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஈரல் இளகி, கலங்கள் தனித்தனியாகப் பிரிந்து வரும். பெரி, பிரெண்ட் என்ற இருவர் 1969 இல் எலி ஈரலில் இந்த வழியால் நிறையக் கலங்களை எடுத்துக் காட்டினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

எடுத்த கலங்களை மைனஸ் 196 பாகை குளிர் உள்ள திரவ நைதரசனைக் கொண்டு உறையவைத்துப் பல வருடம் வைத்திருக்கலாம். தேவையானபோது 37 பாகை சூட்டில் உருக்குவார்கள். செத்த கலத்துக்குள் நீலச் சாயம் புகுந்துவிடும், உயிருள்ள கலத்துக்குள் புகாது. அதை வைத்து எத்தனை பிழைத்திருக்கிறது என்று எண்ணுவார்கள். பிறகு சிறுசிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டிலே, புரதப் பூச்சின்மேல் கலங்களை இடுவார்கள். சில மணித்தியாலத்தில் அவை ஒட்டிக்கொள்ளும். எமது நேர்சரியில் கன்றுக்கு நிழலும் தண்ணீரும் அளவாகக் கொடுக்கிற மாதிரி, உடம்புச் சூட்டில், சத்துத் திரவத்தில், 5 சதவீதம் காபனீரொட்சைட்டு கலந்த காற்றில் வைத்துப் பராமரிப்பார்கள்.

பரிசோதனையில் பார்ப்பது என்ன?

எலியின் ஈரல் கலம் ஒரு தட்டில், மனிதரின் ஈரல் கலம் இன்னொரு தட்டில். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரே நாள்கள். சில குழிகளுக்கு மருந்தே இல்லை. சில குழிகளுக்குக் கொஞ்சம், சிலதுக்குக் கூட. இன்னும் சில குழிகளுக்கு, ஈரலை உஷார்ப்படுத்தும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளைப் போடுவார்கள். அந்தக் குழியிலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கலம் சரியில்லை, அன்றைய பரிசோதனையே செல்லாது. நிறுக்கிற தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்க்கிற மாதிரி இது.

இரண்டு மூன்று நாள் கழித்து, முதலில் மருந்து கலத்தைக் கொன்றுவிட்டதா என்று பார்ப்பார்கள். செத்த கலத்திடம் பதில் கேட்டு வேலையில்லை. பிறகு உயிரோடுள்ள கலங்களுக்குத் தைரொக்சினைக் கொடுத்து, எவ்வளவு தைரொக்சினில் அந்தச் சர்க்கரைப் பொருள் ஒட்டியது என்று நுட்பமான இயந்திரத்தால் அளப்பார்கள். எலிக் கலத்தில் அளவு ஏறி, மனிதக் கலத்தில் ஏறாமல் இருந்தால், எலிக்கு நடந்தது அதன் ஈரலின் தனிக் குணம் என்று நினைக்க இடமுண்டு. மனிதக் கலத்திலும் ஏறினால், இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒருவருடைய ஈரலை மட்டும் வைத்து முடிவு சொல்வது சரியில்லை. ஆளுக்கு ஆள் நொதியத்தின் அளவு வேறுபடும். ஆகவே பலருடைய கலங்களில் செய்து பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் இரசாயன முகவர் நிலையமும் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த ஒப்பீடு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கம்பனி "எலிக்கு வந்தது ஈரல் வழியால் வந்தது, மனிதருக்குப் பொருந்தாது" என்று வாதாட விரும்பினால், வாயால் சொன்னால் போதாது. எலியினதும் மனிதரினதும் ஈரலை இப்படி ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

தட்டுக்குத் தெரியாதவை

இந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. தட்டில் ஈரல் கலம் மட்டும்தான் இருக்கிறது. தைரொயிட் இல்லை, கங்காணி இல்லை, நச்சுக்கொடி இல்லை, பிள்ளையும் இல்லை. சில நாளிலேயே கலங்கள் தமது பழக்கத்தை மறக்கத் தொடங்கும். அதனால் நீண்டகாலம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்வது என்ன செய்யும் என்று அது முழுதாகச் சொல்லாது.

தாங்கியில் தண்ணீர் வரும் பைப்பை அடைக்கும் பொருட்களையும் ஈரல் கலம் காட்டாது. உருளைக்கிழங்குக்கு அடிக்கும் பங்கசுநாசினிகளில் உலகமெங்கும் பெயர் பெற்ற மன்கோசெப் ஒரு உதாரணம். அது உடம்பில் மாறி வரும் ஒரு பொருள், தைரொயிட்டுக்குள்ளேயே ஓமோன் தயாரிக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. மன்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் தீர்மானித்தது. ஈரல் தட்டில் "பிழையில்லை" என்று வந்தால் ஒரு கதவு மூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். மற்றக் கதவுகளையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். எலிக்கு வந்த கட்டி மனிதருக்கு வராது என்று காட்டினாலும், கர்ப்பிணியின் தைரொக்சின் குறையுமா, பிள்ளையின் மூளைக்கு என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. கட்டி வர நீண்ட காலத் தூண்டுதல் வேண்டும். பிள்ளைக்குக் கெடுதல் வரச் சில கிழமைக் குறைவே போதும்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்

அமெரிக்காவில் வெங்காயம், கோவா, புரோக்கோலி போன்ற மரக்கறிகளுக்கு டி.சி.பி.ஏ. என்ற களைநாசினியை அடித்து வந்தார்கள். அது பிள்ளையின் தைரொயிட்டுக்கு என்ன செய்கிறது என்று பரிசோதித்து அறிக்கை தரும்படி அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் 2013 இல் கம்பனியிடம் கேட்டது. சினை எலியையும் குட்டியையும் வைத்துச் செய்த அந்த அறிக்கை கைக்கு வந்தது 2022 இல். பாவனையை அவசரமாக நிறுத்தியது 2024 ஆகஸ்ட்டில். அப்படி அவசரமாக நிறுத்தியது ஏறக்குறைய 40 வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அவர்கள் சொன்ன கணக்கு என்னவென்றால், அந்த மருந்தைக் கையாளும் கர்ப்பிணிக்கு, வயிற்றுப் பிள்ளைக்குப் பாதுகாப்பான அளவைப்போல 4 மடங்கு முதல் 20 மடங்கு வரை படலாம். மருந்தடித்த வயலுக்குள் 12 மணித்தியாலம் போகக்கூடாது என்று போத்தலில் எழுதியிருந்தது. ஆனால் பல பயிர்களில், பல வேலைகளில், 25 நாளுக்கு மேலும் ஆபத்தான அளவு இருந்ததாம். இது எமது தேயிலை மலையின் மருந்தைப் பற்றிய கதை அல்ல. ஆனால் அங்கே மரக்கறி பறிக்கும் பெண்ணும் இங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணும் கையால்தான் இலையைத் தொடுகிறார்கள். சரியான பரிசோதனை பிந்தினால், அந்தப் பிந்தின வருடங்களை வயலில் நின்ற தாய்மார்தான் சுமக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மருந்து கலக்கும் இடத்திலோ அடிக்கும் மலையிலோ நிற்கக் கூடாது. கர்ப்பம் என்று சந்தேகம் வந்தவுடனே மருத்துவிச்சியிடம் சொல்லிப் பதியுங்கள். முதல் மூன்று மாதம்தான் முக்கியம் என்று மேலே பார்த்தோம். வெட்கப்பட்டு மறைத்தால் அந்தக் காலம் போய்விடும்.

மருந்தடித்த மலைக்குள் எத்தனை நாளைக்குப் பிறகு போகலாம் என்று லேபலில் உள்ளதைப் பிரட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்த மருந்தைத்தான் விற்கலாம். லேபல் இல்லாத போத்தலில் ஊற்றித் தரும் மருந்தைத் தொடாதீர்கள்.

மருந்தடிக்கும் ஆண்கள் வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பு மாற்றி, பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பை மற்ற உடுப்போடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். கழுவுவதற்குக் கர்ப்பிணியிடம் கொடுக்கவும் வேண்டாம். வெறும் மருந்துக் கேனில் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் பிடிக்கக் கூடாது.

அயடீன் சேர்த்த உப்பை வாங்கி, மூடியுள்ள போத்தலில் ஈரமும் அடுப்புச் சூடும் படாமல் வையுங்கள். கல்லுப்பை அலசிப் பாவிக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அலசினால் அயடீன் தண்ணீரோடு போய்விடும். கறி இறக்குகிற நேரத்தில் உப்புப் போடுவது நல்லது.

கழுத்து வீங்கியிருந்தால், அல்லது காரணமில்லாத சோர்வும் குளிரும் இருந்தால், "மலை வேலைதானே, அப்படித்தான் இருக்கும்" என்று விடாதீர்கள். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அந்தத் தங்கச்சிக்கு என் பதில் இதுதான். எலிக்கு வந்தது அப்படியே நமக்கும் வரும் என்று இல்லை. எலியின் உடம்பு வேறு. வராது என்றும் மருந்தின் பெயரும் தெரியாமல் யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக, மனிதக் கலத்தையும் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அதுவரை மருந்து உடம்பில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிற காவல். அவருடைய வீட்டுக்காரர் இப்போது வேலை முடிந்து பீலியில் குளித்துவிட்டுத்தான் லயத்துக்குள் வருகிறாராம். மற்ற வீடுகளிலும் அப்படி நடந்தால், இந்தப் பக்கத்தை எழுதியதற்கு அதுவே போதும்.

சந்தேகம் இருந்தால் தோட்டத்து மருத்துவிச்சியிடமோ என்னிடமோ கேளுங்கள். அடிக்கும் மருந்தின் பெயரைக் கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதில் இருந்து பேசத் தொடங்குவோம்.